படிக்காமல் எழுதிய தீர்ப்பு

சென்ற மாதம் ஒரு கல்லூரி இலக்கிய வட்டத்தில் கவிதை பற்றிப் பேசப் போயிருந்தேன். துணைக்கு ஒரு கவிஞ நண்பரும் வந்தார். பாகவதர் பாட்டைப் பற்றி ஒரு மாணவர் ஏதோ கேட்க, பேச்சு லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்குக்குத் தாவி அங்கேயே நின்றுவிட்டது. கவிதைக்குக் கொட்டாவி விட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தெரிந்ததைச் சொன்னேன். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த 'இந்து நேசன்' ஆசிரியர் சி. என். லக்ஷ்மிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு முதலிய பலர் கைதானார்கள். 1945இல் ஜூரி முன் விசாரணை. நாயுடு விடுதலையானார், பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அவர்கள் அப்பீலைத் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில் அதை மறுபடி விசாரிக்கச் சொல்ல, 1947 ஏப்ரலில் அதே ஹைகோர்ட்டின் வேறு இரு நீதிபதிகள் இருவரையும் விடுவித்தார்கள்.

கேள்விகள் எல்லாம் பாகவதரைப் பற்றித்தான். 'ஹரிதாஸ்' எத்தனை நாள் ஓடியது, ஜெயிலில் பாடினாரா. கூண்டில் கூட நின்ற பெயர் தெரியாத ஆட்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு மாணவர், "பாகவதர் நிரபராதி ஸார். ஆனா அந்த ஆள் எழுதின எழுத்துக்கு அவன் செத்தது நியாயம்தானே?" என்றார். வகுப்பு சிரித்தது. நண்பரும் சிரித்தார். "மஞ்சள் பத்திரிகைக்காரனுக்கு வேற என்ன முடிவு?" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எழுதியதற்காகத்தான் கொன்றார்கள் என்பது பிராசிக்யூஷன் நட்சத்திரங்களுக்கு எதிராக வைத்த வாதம். அவர்கள் குற்றவாளிகள் இல்லை என்கிற அதே வாய், அந்த வாதத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. ருசியாக இருக்கிறதல்லவா! எழுத்து அவதூறு என்றால் தண்டனைச் சட்டத்தில் 499ஆம் பிரிவு இருந்தது. அவருடைய முந்தைய பத்திரிகையான 'சினிமா தூது' சினிமாக்காரர்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்ததில் நின்றும் போனது. கத்திக்கு அவசியமே இருக்கவில்லை. இப்படியெல்லாம் ஆவேசமாகப் பேசினேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "நீங்க 'இந்து நேசன்' ஒரு இதழாவது படிச்சிருக்கீங்களா ஸார்?"

இல்லை. நண்பரும் படித்ததில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 'மஞ்சள்' என்ற வார்த்தையை இருவருமாக எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

இதை எழுதுவது அந்தப் பெண்ணுக்காக அல்ல, நமக்காக. லக்ஷ்மிகாந்தனுக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. போர்ஜரிக்காகத் தண்டனை அனுபவித்தவர் அவர். மிரட்டிப் பணம் பறித்தார் என்கிறார்கள், பறித்திருக்கலாம். ஆனால் அவர் எழுத்தைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் கேள்வி ஞானம். விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிற எவனுக்கும் இது வெட்கக்கேடு.

நம் வட்டத்தில் இது புதிதா? 'வணிக எழுத்து', 'தட்டை', 'பிரசாரம்' என்று நாம் ஒதுக்கியவற்றில் எத்தனையை முழுக்கப் படித்தோம்? ஒரு நாவலைத் தள்ள, அதை எழுதியவரைப் பற்றிக் காப்பிக் கடையில் கேட்ட நாலு கதை போதும். அவர் யாரிடம் கடன் வாங்கினார், எந்த வீட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் 'ஆளுமை' என்ற பெயரில் நம் விமர்சனத்துக்குள் வந்துவிடுகிறது. 'இந்து நேசன்' செய்ததாகச் சொல்கிறோமே, அதைத்தான் நாமும் செய்கிறோம். ஐநூறு பிரதியில் அச்சடித்தால் அக்கப்போர் இலக்கியமாகிவிடாது.

அந்த வழக்கில் நான் மதிக்கிற விஷயம் ஒன்றுதான். ஏற்கெனவே தீர்ப்புச் சொன்ன ஒரு கோர்ட்டு, அதே சாட்சியங்களை மறுபடி படித்துவிட்டு வேறு தீர்ப்புச் சொன்னது. அதற்குள் இரண்டு பேர் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்கள். நாம் மறுபடி படிப்பது இருக்கட்டும், ஒரு தடவையாவது படிக்கலாம்.

'இந்து நேசன்' பழைய இதழ்கள் வாசகர் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். நேரில் வந்து படித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு எழுத வேண்டும். அதுவரை 'மஞ்சள்' என்ற வார்த்தையை நான் உபயோகிப்பதாக இல்லை.