குழந்தை கேட்டால் பதில் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

லீவுக்கு வெண்ணந்தூர் வந்திருந்த பேத்தி, போன வாரம் ஒரு ஆங்கில நாவலைப் படித்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அமெரிக்க எழுத்தாளர் ஆஞ்சி தாமஸ் எழுதி 2017-இல் வந்த ‘தி ஹேட் யூ கிவ்’. ஸ்டார் என்று ஒரு கறுப்பினப் பெண், 16 வயது. அவளுடைய சின்ன வயதுத் தோழனைக் கண் முன்னாலேயே ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்கிறார். அவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. பார்த்த சாட்சி இவள் ஒருத்திதான். பேசினால் ஆபத்து, பேசாவிட்டால் தோழனுக்கு நியாயம் இல்லை. பயந்து பயந்து கடைசியில் வாய் திறக்கிறாள்.

கதையைச் சொல்லி முடித்த பேத்தி, “அப்புச்சி, நம்ம ஊர்ல இப்படியெல்லாம் இல்லைதானே?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் உனக்கு எதுக்கு சாமி” என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அதே பதிலை நான் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். “சார், எல்லாரும் பானையில மொண்டு குடிக்கறாங்க. நான் மட்டும் ஏன் கையேந்திக் குடிக்கணும்?” என்று கேட்டான். பதில் எனக்குத் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கும் தெரியும். நான் சொன்னது: “போய் உன் இடத்துல உட்காரு.” அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை, கணக்கில் சந்தேகம்கூட. எட்டாவதோடு நின்று ரிக் வண்டி வேலைக்குப் போய்விட்டான்.

பேத்திக்கு அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்று பாமாவின் ‘கருக்கு’, 1992-இல் வந்தது. பனங்கருக்கு கையைக் கிழிக்கும் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை, தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறாள். வேடிக்கையாக இருக்கிறது. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தொட்டால் தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் நினைப்பதால்தான் அப்படி என்று விளக்குகிறார். நன்றாகப் படி என்றும் சொல்கிறார். அந்தக் குழந்தைதான் வளர்ந்து ‘கருக்கு’ எழுதியது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், உலகமே படித்தது.

இன்னொன்று பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’, 2000-இல் வந்தது. பக்கத்துத் திருச்செங்கோட்டுக்காரர் எழுதியது. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்கிற அருந்ததியர் பையனின் கதை. அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவன் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அதில் வரும் பண்ணையக்காரர் பேசுவதைப் படித்தபோது என் பெரியப்பா பேசுவதைப் போலவே இருந்தது. அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க ஒரு மாதம் ஆயிற்று.

அமெரிக்கக் கதைக்கு நாம் சுலபமாக அழுதுவிடுகிறோம். அதில் அநியாயம் செய்கிறவர் நமக்குச் சொந்தக்காரர் இல்லை பாருங்கள்.

“பழசை எதற்கு வாத்தியாரே கிளறுகிறீர்கள், இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை, கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்க்கச் சட்டம் போதும். அந்தக் கயிறு எதற்கு என்று பிள்ளை கேட்டால், வீட்டிலிருக்கிற நாம்தானே பதில் சொல்ல வேண்டும்?

ஸ்டாருக்குப் பேசத் தைரியம் திடீரென்று வந்துவிடவில்லை. உலகம் எப்படி இருக்கிறது என்பதை அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே மறைக்காமல் சொல்லி வளர்த்திருந்தார்கள். பாமாவுக்கு அண்ணன் சொன்னார். பிள்ளைகளுக்குக் குரல் ஏற்கெனவே இருக்கிறது. “உட்காரு” என்று சொல்லி அதை அமுக்குவது நாம்தான். பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளை கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள். நம் தாத்தா, பெரியப்பா செய்த தப்பு என்றால் தப்பு என்றே சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு புத்தகங்களையும் உங்கள் பள்ளி நூலகத்தில் வாங்கி வையுங்கள். பூட்டிய பீரோவில் வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில்.

அந்தப் பையனுக்கு இப்போது பேரன் பேத்திகூட இருக்கலாம். தம்பி, இது உன் கண்ணில் பட்டால், அன்றைக்கு நீ கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லாதது என் தப்பு. மன்னித்துக்கொள். வீட்டுக்கு ஒருநாள் வா, பேசுவோம்.

பேத்தி ‘கருக்கு’ முடித்துவிட்டாள். நேற்றிலிருந்து கேள்வி மேல் கேள்வி. தெரிந்தவரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்