பூ மணக்கும் ஐஸ் தேத்தண்ணீர்



கோலசிலாங்கூர் பட்டணத்துப் பக்கம் போய் வருகின்ற பிள்ளைகள் இப்பொழுது ஒரு புதுப் பானத்தின் பெயரைச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். உயரமான கண்ணாடிக் குவளை. அடியில் ஐஸ் கட்டி. மேலே பால் நுரை. நுரையின் மேல் ஒரு பூ. விளிம்பில் எலுமிச்சைத் துண்டு. அதற்கு 'பூ வாசனை எலுமிச்சை ஐஸ் தே லாத்தே' என்பது போல நீளமாக ஒரு பெயர். ஒரு குவளைக்குப் பத்து வெள்ளியும் அதற்கு மேலும் கேட்கிற கடைகள் உண்டு. நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு தடவை போய் உட்கார்ந்தால் ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு கரைந்துவிடும்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'லாத்தே' என்றால் இத்தாலிய மொழியில் பால். அவ்வளவுதான். தேயிலை, பால், பூ, எலுமிச்சை, ஐஸ். இந்த ஐந்தில் நமக்குத் தெரியாதது எது? நுரை வரவழைக்கப் பட்டணத்துக் கடைக்காரர் இயந்திரம் வைத்திருக்கிறார். நம் வீட்டில் இரண்டு மங்கு இருந்தால் போதும். கையைத் தூக்கி நான்கு தடவை ஆற்றினால் நுரை தானாக வருகிறது. தே தாரிக் என்று நாடே கொண்டாடுவது இந்த ஆற்றுகிற கைவேலையைத்தானே!

ஆகவே இந்த இதழில் அதை வீட்டிலேயே செய்யும் விதத்தைச் சொல்லப் போகிறேன். நாக்கு ருசிக்காக மட்டும் இதைச் சொல்ல வரவில்லை. பூவும் எலுமிச்சைத் தோலும் தருகின்ற மணம் நம் தேத்தண்ணீரில் சீனியைக் குறைக்க வழி காட்டுகிறது. அதுதான் எனக்கு முக்கியம்.

சீனிக் கணக்கு

சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது; அப்படியும் பட்டியலின் உச்சியில் நம்மவர்கள்தாம். கால் விரல் எடுக்கப்பட்டவர், கண் மங்கியவர், வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் என்று ஒருவராவது இல்லாத வரிசையை நம் பகுதித் தோட்டங்களில் காண்பது அரிது. இதற்குத் தேத்தண்ணீர் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பரம்பரை, சோறு, உடல் அசைவு எல்லாம் சேர்ந்த விஷயம் இது. ஆனால் ஒரு நாளில் நான்கு தடவை நாம் கையில் எடுப்பது தேத்தண்ணீர்தான். நம் கையால் திருத்தக் கூடியதும் அதுதான்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் பெரட்டுக்கு முன்னே கெட்டியாக ஒரு மங்கு இனிப்புத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெளிச்சம் வருமுன் கித்தா மரத்துக்குப் போனார்கள். குடித்த சீனி நண்பகலுக்குள் வியர்வையாகப் போயிற்று. இன்று அதே குடும்பத்துப் பிள்ளை தொழிற்சாலையில் நின்ற இடத்தில் வேலை பார்க்கிறான். அல்லது லோரியில் உட்கார்ந்தபடி ஓட்டுகிறான். உழைப்பின் தன்மை மாறிவிட்டது. மங்குக்குள் போடுகிற சீனி மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் உண்டு. வந்தவருக்கு இனிப்புக் குறைவாகத் தேத்தண்ணீர் கொடுத்தால் 'சீனிக்குக்கூடக் கஞ்சம்' என்று பேச்சு வந்துவிடுமே என்ற கூச்சம் நம் பெண்களுக்கு நிறைய. உபசரிப்பைச் சீனியால் அளந்து பழகிவிட்டோம். அந்த இடத்தில் மணத்தை வைத்துப் பாருங்கள். மல்லிகை மணக்க ஒரு குவளை நீட்டினால் யாரும் கஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள்.

டின்னுக்குள் என்ன?

கடைத் தேயில் இனிப்பும் பாலும் பெரும்பாலும் ஒரே டின்னிலிருந்து வருகின்றன. அந்த டின்னைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். பல டின்களில் 'கிரிமர் மானிஸ்' என்று இருக்கும். பாலின் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்துச் செய்த இனிப்புப் பொருள் அது. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியர் நம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். நம் ஊர் மண்ணில் தொடங்கிய அந்தப் பயிர் இன்று நம் தேத்தண்ணீரில் 'பாலாக' மிதக்கிறது!

டின்னில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி சீனி. ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்று கொள்ளுங்கள். ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி ஊற்றினால் 20 கிராம் சீனி. அதாவது ஐந்து தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அறிவுரைப்படி, சராசரியாகச் சாப்பிடும் ஒரு பெரியவருக்குச் சேர்த்த சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2019 ஜூலையில் அரசாங்கம் சீனி மிகுந்த பாட்டில், டின் பானங்களுக்கு வரி போட்டது. பின்னர் அதை உயர்த்தவும் செய்தது. ஆனால் கடையில் கலக்கிக் கொடுக்கும் தேத்தண்ணீருக்கும், நம் அடுப்படியில் கலக்கும் தேத்தண்ணீருக்கும் அந்தக் கணக்கு வராது. அங்கே கணக்கப்பிள்ளை நாமேதான்.

எந்தப் பூ, எது கூடாது?

'பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்' என்பது நம் பழமொழி. தேயிலைக்கும் அது பொருந்தும். காய்ந்த தேயிலை பக்கத்தில் உள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. சீனாவில் ஃபூச்சோவ் நகரத்தார் இதை வைத்தே பெயர் பெற்றார்கள். மாலையில் மலரப் போகும் மல்லிகை அரும்புகளைத் தேயிலையோடு கலந்து வைத்து, இரவு முழுதும் மணம் ஏறவிட்டு, பிறகு பூவைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்த நமக்கு இது புரியாததல்ல.

நமக்கு எளிது மல்லிகைத் தண்ணீர்தான். ஆனால் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, கடையில் சரம் வாங்கிப் போடாதீர்கள். பூஜைக்கும் தலைக்கும் விற்கிற பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள். உங்கள் வீட்டுச் செடியில், நீங்கள் மருந்து அடிக்காத செடியில் பறித்த பூ மட்டுமே ஆகும்.

இரண்டாவது, செம்பனை வரிசை ஓரம், காண் ஓரம் பூத்த பூவைத் தொட வேண்டாம். பாராக்குவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் அடிக்கப்படுகின்றன. மருந்து தோம்பு தூக்கிய அக்காமார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கோயிலடியில் பூக்கின்ற எல்லாப் பூவும் குடிக்கிற பூவல்ல. அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை மூன்றும் நஞ்சு. பிள்ளைகளைப் பூப் பறிக்க அனுப்புமுன் இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்.

சாறு வேண்டாம், தோல் போதும்

பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்து போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். பாலில் உள்ள புரதம் புளிப்புப் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது. பிறகு எப்படிப் பாலும் எலுமிச்சையும் ஒரே குவளையில்? எலுமிச்சையின் புளிப்பு சாற்றில் இருக்கிறது. அதன் மணமோ மேல் தோலின் எண்ணெயில் இருக்கிறது. மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பால் திரியாது. நீர்மோரில் நாரத்தை இலையைக் கிள்ளிப் போட்ட நம் பாட்டிமார்களுக்கு இந்த வித்தை கைவந்ததுதான். லிமாவ் பூருட் மரம் வீட்டில் இருந்தால் அதன் இலையே போதும்.

செய்யும் விதம் (நான்கு குவளைக்கு)

முதல் நாள் மாலை: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 300 மில்லி எடுத்து ஒரு சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். அன்று பறித்த மல்லிகை அரும்பு பதினைந்தைக் கழுவி, காம்பைக் கிள்ளிவிட்டு, அதில் மிதக்க விட்டு மூடி வையுங்கள். இரவில் பூ மலர்ந்து மணம் தண்ணீரில் இறங்கும். காலையில் பூவை எடுத்துவிட்டு, தண்ணீரை வடிகட்டி ஐஸ்பெட்டியில் வையுங்கள். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

மறுநாள்: இரண்டு எலுமிச்சம் பழத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, பச்சை மேல் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். உள்ளே உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். அது வரக் கூடாது. சீவிய தோலோடு நான்கு தேக்கரண்டி சீனி சேர்த்து விரலால் நன்றாகப் பிசறி அரை மணி நேரம் விடுங்கள். தோலின் எண்ணெயைச் சீனி வாங்கிக்கொள்ளும். இலையைப் போடுவதானால் மூன்று இலையைக் கிழித்து இதே போலப் பிசறலாம்.

நான்கு தேக்கரண்டி தேயிலையில் 300 மில்லி கொதிநீர் ஊற்றி, நான்கு நிமிடம் மட்டும் வைத்து, வடிகட்டி, சூட்டோடு அந்தச் சீனியின் மேல் ஊற்றுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் ஊறினால் துவர்ப்பு ஏறும். துவர்ப்பு ஏறினால் கை தானாகச் சீனி டப்பாவைத் தேடும். சீனி கரைந்ததும் பத்து நிமிடம் விட்டு, தோலை வடித்து எடுத்து நன்றாக ஆறவிடுங்கள்.

ஆறிய சாயத்தோடு மல்லிகைத் தண்ணீரையும், காய்ச்சி ஆறிய குளிர்ந்த பால் 300 மில்லியையும் சேருங்கள். பால் மாவு என்றால் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்துக்கொள்ளலாம். மங்குக்கு மங்கு உயரத் தூக்கி ஆற்றுங்கள்; அல்லது மூடி உள்ள பாட்டிலில் ஊற்றி இருபது எண்ணும் வரை குலுக்குங்கள். குவளையில் ஐஸ் கட்டி போட்டு, நுரையோடு ஊற்றிக் கொடுங்கள். ஐஸும் கொதித்து ஆறிய தண்ணீரில் உறைந்ததாக இருக்கட்டும்.

ஒரு குவளைக்கு நாம் சேர்த்த சீனி ஒரே ஒரு தேக்கரண்டி. டின் பால் இரண்டு கரண்டி ஊற்றிய குவளையில் ஐந்து.

பால் இல்லாமல் நீலத் தேத்தண்ணீர்

எலுமிச்சைச் சாறும் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் பாலை விட்டுவிடுங்கள். வேலியில் படரும் நீலச் சங்குப்பூ இருக்கிறதே, மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்று சொல்லி நாசி கெராபுவுக்குச் சாயம் ஏற்றுகிறார்களே, அது பத்துப் பூவைக் கொதிநீரில் போட்டால் தண்ணீர் நீலமாகும். அதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். அமிலமும் காரமும் பாடத்தில் லிட்மஸ் தாள் செய்கிற வேலையை இந்தப் பூ செய்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி அவன் கையாலேயே சொட்டு விடச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்யாமலே பாடம் ஏறும். கர்ப்பிணிப் பெண்கள் மட்டும் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது.

இன்னும் இரண்டு சொல்

சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலையின் துவர்ப்பு தடுக்கிறது. இரத்தச் சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். சிறு குழந்தைகளுக்குத் தேத்தண்ணீரே வேண்டாம்; பால் போதும்.

நீரிழிவுக்காரர் உள்ள வீட்டில் அவருக்கென்று சீனியில்லாத குவளையைத் தனியே கலந்து மூலையில் வைக்காதீர்கள். எல்லாருக்கும் சீனியைக் குறையுங்கள். ஒரே நாளில் வெட்டினால் வீட்டில் சண்டை வரும். இந்த வாரம் அரைக் கரண்டி, இரண்டு வாரம் கழித்து இன்னும் அரைக் கரண்டி என்று இறங்குங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். மருந்து, ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் டாக்டர் சொன்னபடியே நடக்க வேண்டும். இந்தக் குவளை மருந்துக்கு மாற்று அல்ல.

மல்லிகைச் செடி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு கொம்பு கேட்டு வாங்கிப் பழைய பால் டின்னில் நட்டு வையுங்கள். அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம். அந்த டின்னுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது.

அடுத்த இதழில் சந்திப்போம்.