மருந்தேறும் நாட்களில் துணை நிற்போம்

எமது குடும்பங்களில் இன்றும் உரத்துச் சொல்லப்படாத நோய் ஒன்று உண்டு. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கோயில் வீதியிலும் கல்யாண வீட்டிலும் தயக்கமின்றிப் பேசும் நாம், புற்றுநோய் என்றதும் குரலைத் தாழ்த்தி "அந்த வருத்தம்" என்கின்றோம். மகளின் கல்யாணப் பேச்சுக் குழம்பிவிடும், வேலை போய்விடும், ஊரில் கதை பரவிவிடும் என்ற அச்சங்களே இதற்குக் காரணம். இந்த அச்சங்கள் ஆதாரமற்றவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால், இம்மௌனத்தின் விலையை முழுவதுமாகச் செலுத்துபவர் நோயாளியே என்பதை மறந்துவிடலாகாது.

கட்டார் நாட்டின் வடகிழக்குக் கரையில், தோகா நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ராஸ் லஃபான், இம்மௌனம் கனத்து நிற்கும் இடங்களுள் ஒன்று. இயற்கை வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றுவதற்கென 1990களில் எழுந்த தொழில் நகரம் அது. அண்ணன் ஐரோப்பாவில், அக்கா தமிழக முகாமில், தாய் தந்தையர் ஊரில், தம்பி வளைகுடாவில் எனச் சிதறிய குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். கட்டார் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையாத நாடு. அங்கே எம்மவர் அகதிகளல்லர், ஒப்பந்தத் தொழிலாளர். வதிவிட அனுமதி வேலையோடு பிணைந்துள்ளது. வேலை முடிந்தால் நாட்டில் இருப்பும் முடியும். ஆகவே, உடலில் கட்டியொன்று தென்பட்டாலும் அதை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் மனநிலை அங்கே இலகுவில் உருவாகிவிடுகின்றது.

இன்னொரு வகையினரும் உளர். தாயோ மனைவியோ மகரகமையிலோ தெல்லிப்பழையிலோ அடையாற்றிலோ மருந்தேற்றிக்கொண்டிருக்க, தொலைபேசியில் "சத்தி நின்றுவிட்டதா?" என்று கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாதவர்கள். இவ்விரு சாராரையும் கருத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

மருந்து செய்வது என்ன?

கீமோ எனப்படும் இரசாயனச் சிகிச்சை போரின் நஞ்சிலிருந்து பிறந்தது. மஸ்ரட் வாயுவுக்கு இனமான நைதரசன் மஸ்ரட் என்னும் பொருளை, 1942 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றிப் பார்த்தனர். நாமறிந்த செடியொன்றும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. ஊரில் பட்டிப்பூ என்றும் தமிழகத்தில் நித்தியகல்யாணி என்றும் அழைக்கப்படும் செடியிலிருந்து வின்பிளாஸ்ரின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்த செய்தியை, 1958 இல் கனடாவைச் சேர்ந்த றொபேட் நோபிள், சாள்ஸ் பியர் ஆகியோர் வெளியிட்டனர். அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்ரின் இன்றும் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்படுகின்றது. இதைக் கேள்வியுற்றுப் பட்டிப்பூ இலையை அவித்துக் குடிப்போர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அளவு தெரியாத இலை மருந்தன்று, நஞ்சு.

இம்மருந்துகளுட் பல, விரைவாகப் பெருகும் கலங்களைத் தாக்குகின்றன. புற்றுக் கலம் விரைவாகப் பெருகுவது. மயிர்க்கால்களும், வாய் முதல் குடல் வரையுள்ள உட்தோலும், இரத்தத்தை ஆக்கும் என்பு மச்சையும் அவ்வாறே விரைவாகப் பெருகுவன. எனவேதான் இரண்டு மூன்று கிழமைகளில் முடி உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது, வயிறு குழம்புகின்றது, இரத்த எண்ணிக்கை விழுகின்றது. இது மருந்து விரைவாகப் பெருகும் நல்ல கலங்களையும் சேர்த்துத் தாக்குவதன் விளைவேயன்றி, நோயாளி செய்த பாவத்தின் விளைவன்று.

எல்லோருக்கும் எல்லாத் துன்பமும் வருவதில்லை. சத்தியைத் தடுக்கும் ஒண்டன்செற்றன் போன்ற மருந்துகள் 1990களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்திலுள்ளன. முன்னைய தலைமுறையினர் பட்ட பாட்டை இன்றைய நோயாளி முழுவதும் பட வேண்டியதில்லை. ஆயினும் "சத்தி வரத்தானே செய்யும்" என்று பொறுத்துக்கொண்டு, வைத்தியரிடம் சொல்லாது விடுவோர் எம்மிடையே உளர். சொன்னாலன்றி மருந்து மாற்றப்படாது.

பட்டவர் சொல்லும் சொல்

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது எமது முன்னோர் வாக்கு. வைத்தியர் நோயை அறிவார். தாதியர் மருந்தை அறிவர். ஆனால் மூன்றாவது மருந்தேற்றலின் பின் சோற்றின் மணமே குமட்டும் என்பதையும், பசி வரும் ஓரிரு மணித்தியாலத்தில் கஞ்சியோ தயிர்ச்சோறோ சிறிது சிறிதாக உண்டுவிட வேண்டும் என்பதையும் அந்த வழியால் நடந்து வந்தவரே அறிவார். அப்பச்சோடாவும் உப்பும் சிறிதளவு கரைத்த நீரால் வாய் கொப்பளித்தல், தலைமயிர் கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடப்பதைக் காணுமுன் தானே குறுக வெட்டிக்கொள்ளல், சில கீமோ மருந்துகள் சிவப்பு நிறமானவை. அவை ஏறிய நாளில் சிறுநீர் சிவந்து போவது இரத்தமன்று என்று முன்கூட்டி அறிந்திருத்தல் ஆகியன சிறிய விடயங்கள்தாம். ஆனால் இச்சிறிய விடயங்களே ஓரிரவின் பீதியைத் தவிர்க்கின்றன.

ஒக்சாலிபிளாற்றின் என்னும் மருந்து பெறுவோருக்குச் சில நாட்கள் குளிர் ஆகாது. குளிர்நீர் தொண்டையை இறுக்குவதுபோல் இருக்கும். குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால் விரல் நுனி மின்சாரம் பட்டதுபோல் சுண்டும். வெளியே நெருப்பு வெயிலும், உள்ளே குளிரூட்டியும், கையில் எந்நேரமும் குளிர்நீர்ப் போத்தலுமாக வாழும் வளைகுடாத் தொழிலாளிக்கு இதை எவரேனும் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

மொழியும் ஒரு தடையே. விறைப்பு, எரிவு, உளைவு, அந்தரம் என்று எமது மொழியில் வேறுபடுத்திச் சொல்லும் துன்பங்களெல்லாம், அரைகுறை ஆங்கிலத்தில் "பெயின்" என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. விரல்களில் விறைப்பு ஏறிவருகின்றது என்று வைத்தியர் விளங்கிக்கொண்டால் மருந்தின் அளவைக் குறைப்பார். விளங்காவிடில் விறைப்பு நிலைத்துவிடவும் கூடும். இந்தச் சொற்களைக் கடந்து வந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நோயாளியின் வாய் திறக்கும்.

பின்னடைவு தோல்வியன்று

நோயாளியைத் துன்பத்திலும் மேலாக உடைப்பது பின்னடைவு. ஆயத்தமாகி, விடுப்பும் எடுத்து, தோகாவுக்குப் போய்ச் சேர்ந்த பின்னர், "இரத்த எண்ணிக்கை போதாது, அடுத்த கிழமை வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்படும்போது மனம் இடிந்துபோகின்றது. வீட்டாரோ "மருந்து பிடிக்கவில்லையாம்" என்று அழத் தொடங்கிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. மருந்தேற்றிய ஏழாம் நாள் தொடக்கம் பதினான்காம் நாள் வரையில் வெண்கலங்கள் தாழ்ந்து பின்னர் மீளுவது பல மருந்துகளின் வழமை. மீளுவதற்குச் சிலருக்குக் கூடுதல் நாள் வேண்டியிருக்கும். "எனக்கும் இரண்டு முறை தள்ளிப்போனது, தம்பி" என்று ஒருவர் சொல்வது, பத்துப் பேரின் ஆறுதலிலும் பெரிது.

ஆனால் ஒரு விடயத்தில் ஆறுதலுக்கு இடமில்லை. அக்காலத்தில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால் அது அவசரநிலை. பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்பது உயிரோடு விளையாடுவதாகும். பலர் கூடி உறங்கும் தொழிலாளர் விடுதியில் தடிமனும் இருமலும் இலகுவில் தொற்றும். ஒரு வெப்பமானி, கைகழுவும் பழக்கம், தடிமன் வந்தவர் சில நாள் வேறிடத்தில் படுத்தல், நள்ளிரவிலும் 999 இலக்கத்துக்கு அழைக்கத் தயங்காத ஓர் அறைத்தோழன் ஆகியவையே அங்கே உயிர்காக்கும் துணை. தோகா வரை ஓடவேண்டியதில்லை. அல் கோர் வைத்தியசாலை அண்மையிலேயே உள்ளது.

கோடையில் ஜூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 3.30 மணிக்கும் இடையில் திறந்தவெளி வேலையைத் தடைசெய்யும் விதியைக் கட்டார் 2021 இல் கொண்டுவந்தது. அது நல்லுடல் கொண்டவனுக்கான பாதுகாப்பு. வயிற்றோட்டத்தாலும் சத்தியாலும் நீர் இழந்த உடலுக்கு அது போதாது. வைத்தியரிடம் எழுத்தில் கடிதம் பெற்று, வெயிலில்லாத வேலை கேட்கும் துணிவை நோயாளிக்கு ஊட்டுவதும் துணையின் கடமையே.

துணையின் எல்லை

"வைத்தியர் இருக்க, பாமரர் கூடி என்ன செய்வது? வதந்தியல்லவா பரவும்?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. 1952 இல் நியூயோர்க்கில் ரெறீஸ் லாசர் என்ற பெண்மணி, தாம் மார்பக அறுவைச் சிகிச்சை பெற்ற பின்னர், அதே சிகிச்சை பெற்ற பெண்களைச் சென்று சந்திக்கத் தொடங்கியபோதும் வைத்தியர்கள் முகம் சுளித்தனர். பின்னர் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அம்முயற்சியைப் பொறுப்பேற்றது.

அதேவேளை, துணையைப் பற்றி மிகைபடப் பேசுவதும் தவறு. பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்கள் 86 பேரைக் கொண்டு 1989 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, குழுவாகக் கூடியோர் நீண்டகாலம் வாழ்ந்தனர் என்றது. 2001 இல் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு வெளியான பெரிய ஆய்வோ, ஆயுள் நீளவில்லை; ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்தன என்று கண்டது. அவை பயிற்சி பெற்றோர் நடத்திய குழுக்கள். ஆயினும் அதன் பாடம் எமக்கும் பொருந்தும். துணை நோயைக் குணமாக்காது. நோயோடு இருக்கும் நாட்களைத் தாங்கக்கூடியனவாக்கும். இதற்கு மேல் எவரும் வாக்குறுதி தரலாகாது.

ஆகவே துணை நிற்போர் சில ஒழுங்குகளைக் காத்தல் வேண்டும். மருந்தை நிறுத்தவோ கூட்டவோ சொல்லலாகாது. "இன்னார் இதே நோயில்தான் போனார்" என்ற கதை வேண்டாம். ஒருவருடைய நோயை அவர் அனுமதியின்றி இன்னொருவருக்குச் சொல்லுதல் நம்பிக்கைத் துரோகம். வேலைத்தலத்தில் அது ஒருவரின் பிழைப்பையே பறித்துவிடும். கேட்பதே முதற்பணி, அறிவுரை இரண்டாவது.

கட்டாரில் சங்கம் அமைக்க அனுமதி வேண்டும். பணம் சேர்ப்பதற்கும் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. எனவே பதாகையும் பற்றுச்சீட்டும் வேண்டாம். குணமடைந்த ஒருவர், புதிதாக மருந்தேற்றத் தொடங்கும் ஒருவரின் கையைப் பிடித்தால் போதும். வெள்ளிக்கிழமை ஓய்வுநாளில் ஒரு மணித்தியாலம், மருந்தேறும் நாளில் கூடவே ஒரு பயணம். பொருளுதவி தேவைப்படுவோருக்கு, 1997 இல் தொடங்கப்பட்ட கட்டார் புற்றுநோய்ச் சங்கத்தின் வாசலைக் காட்டிவிடலாம். ஊரிலிருந்து வருவோர் மோர்பின், திராமடோல் போன்ற வலிமருந்துகளை உரிய பத்திரமின்றி எடுத்துவந்தால் விமான நிலையத்திலேயே சிறை நேரும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். தமிழக முகாம்களிலுள்ள எம்மவர், வருமான எல்லையின்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதியுடையவர்கள். அறிந்தவர் அறியாதவருக்கு இதைச் சொல்லுவதும் துணையே.

எமக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை மறவாது உழைத்து 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளுடன் தொடக்கினார். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் மக்கள் நடந்து திரட்டிய நிதி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது. மகரகமை வைத்தியசாலை இன்று அபேக்ஷா எனப்படுகின்றது. தோகாவின் புற்றுநோய் வைத்தியசாலை 2004 இல் அல் அமல் என்ற பெயரோடு தொடங்கியது. ஒன்று சிங்களம், மற்றது அரபு. இரண்டுக்கும் பொருள் நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்பதே.

கட்டடங்களுக்குப் பணம் கொடுப்பதில் எமது மக்கள் என்றும் பின்நின்றதில்லை. ஆனால் நோயாளியின் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவதில் பின்நிற்கின்றோம். மருந்தேற்றி முடித்து மீண்டவர்களிடமே இவ்வேண்டுகோளை விடுக்கின்றோம். நீங்கள் பட்டறிந்ததை மூடிவைக்காதீர்கள். ராஸ் லஃபானின் ஓர் அறையிலோ, முகாமின் ஒரு வரிசை வீட்டிலோ, இன்றிரவு முதன்முறையாக மருந்தேற்றி வந்து உறக்கமின்றிக் கிடக்கும் ஒருவர் உண்டு. நாளை காலை அவரை அழைத்து, "சாப்பிட முடிந்ததா?" என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.