பொழுது சாயுமுன்

கோபத்தைக் குறித்து நம் ஆலயங்களில் பிரசங்கம் நிகழும்போதெல்லாம், சூரியன் அஸ்தமிக்குமுன் சினம் தணிய வேண்டுமென்று பவுல் அப்போஸ்தலர் எபேசியருக்கு எழுதிய போதனை (4:26) எடுத்துரைக்கப்படுகின்றது. நல்ல போதனையே. ஆயினும், அஸ்தமிக்கும் சூரியனைக் காட்டி மனிதனுக்குக் கெடு விதிக்கும் வாக்கியம் வேதத்தில் அஃதொன்றன்று. அதனினும் மிகப் பழைய கட்டளைகள் இரண்டு உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் உள. அவற்றைப் பற்றிய பிரசங்கம் நம் செவியில் விழுவது அரிது. அவ்விரண்டும் பணத்தைப் பற்றியவை, அதனாற்போலும்!

முதலாவது, அடகைப் பற்றியது. ஏழை ஒருவன் தன் போர்வையை அடகு வைத்துக் கடன் பெற்றானாயின், பொழுது சாயும்போது அதனை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பகலில் அவனுக்கு மேலாடையாயிருப்பதே இரவில் படுக்கையும் ஆகும். இரண்டாவது, கூலியைப் பற்றியது. கூலியாள் தன் சகோதரனாயினும் அந்நியனாயினும், அவன் உழைத்த நாளிலேயே, சூரியன் அஸ்தமிக்குமுன் அவனுக்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். இதற்கு வேதம் கூறும் காரணம் யாது? அவன் ஏழை, அக்கூலியின்மேலேயே அவன் உள்ளம் ஆவலாயிருக்கின்றது என்பதே. அவன் திறமையையோ, குலத்தையோ, குணத்தையோ அங்கு யாரும் விசாரிக்கவில்லை. அவன் வீட்டில் உலை வைத்தாயிற்று; அரிசி வரவேண்டும். அவ்வளவே.

இச்சிறு கட்டளையில் ஆழ்ந்த நியாயம் ஒன்று அடங்கியுள்ளது. களஞ்சியம் உடையவனுக்கு மாதமும் ஒரு தவணைதான், வருஷமும் ஒரு தவணைதான். அன்றாடங்காய்ச்சிக்கோ அந்திப்பொழுதே தவணை. கொடுப்பவனுடைய வசதியைக் கொண்டு காலத்தை அளக்காமல், பெறுபவனுடைய பசியைக் கொண்டு அளக்கின்றது நியாயப்பிரமாணம். லேவியராகமம் 19:13, அயலானைக் கொள்ளையிடுவதையும், கூலியை விடியுமளவும் வைத்துக்கொள்வதையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வைத்துத் தடுக்கின்றது. கொடுக்காதிருப்பது மட்டுமன்று, தாமதித்துக் கொடுப்பதும் களவின் இனமென்பது அதனாற் பெறப்படும்.

இவை ஏட்டில் மாத்திரம் இருந்த சட்டங்களோ என்று ஐயுறுவார்க்கு ஒரு சான்று உண்டு. 1960-ஆம் ஆண்டில், இஸ்ரவேல் நாட்டு மத்தியதரைக் கடற்கரையில், மெசாத் ஹஷாவ்யாகு எனப்படும் பழங்கோட்டையின் இடிபாடுகளில், மையினால் எழுதப்பட்ட ஓட்டுச் சில்லு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது; எபிரெய மொழியில் எழுதப்பட்ட விண்ணப்பம். அறுவடை செய்யும் ஆள் ஒருவன் அவ்விடத்து அதிபதியிடம் முறையிடுகின்றான்: தான் அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்த பின்னரும் ஒருவன் தன் ஆடையைப் பறித்துக்கொண்டு போயினான், நாள்கள் சில கடந்தும் அது திரும்பி வரவில்லை, தன்னோடு வெயிலில் நின்று அறுத்த தோழர் தன் குற்றமின்மைக்குச் சாட்சி கூறுவர் என்கின்றான். ஓடு உடைந்துபோனமையால் வழக்கின் முடிவு நமக்குக் கிட்டவில்லை. ஆனால் இருபத்தாறு நூற்றாண்டுகளுக்கு முன் தன் ஆடைக்காக அதிகாரியின் வாயிலில் நின்ற அவ்வேழையின் குரல் மட்டும் மண்ணுக்குள் மடியாமல் வந்து சேர்ந்தது.

“நாம் கிருபைக்குட்பட்டவர்கள், மோசேயின் சட்டம் நமக்கேன்?” என்பார் சிலர். அவர்கள் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசிப்பாராக. திராட்சத்தோட்டத்து எஜமானின் தயாளத்தை நாம் வியக்கின்றோம். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாட்கூலி கொடுத்தானே என்கின்றோம். ஆனால் சாயங்காலமானவுடன் காரியக்காரனை அழைத்துக் கூலியைக் கொடுக்கச் சொன்னான் என்பதைக் கவனியாமல் விடுகின்றோம். முதலில் நியாயப்பிரமாணத்தை நிறைவேற்றினான். அதன்மேலே கிருபையைப் பொழிந்தான். கிருபையைக் காட்டிக் கூலியைத் தள்ளிப்போட்டானில்லை. யாக்கோபும் தம் நிருபத்தில் (5:4), வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமற் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகின்றதென்றே எழுதினார். அவர் எழுதியது கிறிஸ்தவ சபைக்கு அன்றோ?

நம் நாட்டிலும் 1936-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைந்த தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்கள் சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டுமென்று விதித்தது. சட்டத்தின் கண் ஆலைவரை செல்லும். நம் வீட்டுப் புறக்கடைவரை வருமோ? துணி வெளுப்பவர், பாத்திரம் துலக்கும் அம்மையார், பழுது பார்க்க வந்த தச்சர் ஆகியோரிடம், “சில்லறை இல்லை, நாளை வா” என்று எத்துணை எளிதாகச் சொல்லிவிடுகின்றோம்! கையில் பொருளிருக்கும்போது அயலானை நோக்கி நாளைக்கு வா என்னலாகாதென்று நீதிமொழிகள் (3:28) தடுப்பது இவ்விரண்டு சொற்களைத்தான். கையில் இல்லாதவனை வேதம் நெருக்கவில்லை. வைத்துக்கொண்டே தாமதிப்பவனைத்தான் நிறுத்திக் கேட்கின்றது.

இக்கடன் மனிதரோடு முடிவதன்று. யோபு தன் நேர்மையை நிலைநாட்டக் கூறும் ஆணைகளுள் இறுதியானது (31:38-40) நிலத்தைப் பற்றியது. தன் நிலம் தனக்கு விரோதமாகக் கூப்பிட்டு, அதன் உழவுசால்கள் அழுமாயின், விலை கொடாமல் அதன் பலனைத் தின்று, உழுதவர் உயிரை வருத்தியிருப்பின், கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்கின்றான். யாக்கோபின் நிருபத்தில் கூலி கூக்குரலிடுகின்றது. யோபின் புத்தகத்தில் நிலம் கூக்குரலிடுகின்றது. நிலமும் நமக்காக உழைப்பது. அதற்கும் ஓய்வு என்னும் கூலி உண்டு. ஏழாம் வருஷத்தில் அதனைச் சும்மா விடவேண்டுமென்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் பணிக்கின்றது. அக்கூலியைக் கொடாத ஜனம் சிறையிருப்புக்குச் சென்ற பின்னர், நிலம் 70 வருஷம் தன் ஓய்வைத் தானே எடுத்துக்கொண்டதென்று 2 நாளாகமம் (36:21) கணக்கு முடிக்கின்றது.

பாலாற்றங்கரையில் அக்கூக்குரலை நாமே கேட்டிருக்கின்றோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர், கிணறுகளையும் கழனிகளையும் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகாததாயிற்று என்பதைக் குறித்த உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்டு 28-இல், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே இழப்பீட்டைக் குறித்து அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மீண்டும் தீர்ப்பெழுத நேர்ந்தது. இடையிற் கழிந்தவை 28 ஆண்டுகள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அஸ்தமனங்கள்! அச்சாலைகளால் பல்லாயிரவர் பிழைத்தனர் என்பதும், அத்தோலிற் செய்த செருப்பை நாமும் அணிந்தோம் என்பதும் மெய்யே. ஆதலாலன்றோ அது ஆலை முதலாளிகளின் கடன் மட்டுமன்று, நம்முடைய கடனுமாகின்றது!

மாணவ நண்பர்களே! நீதியைக் குறித்துச் சொற்பொழிவாற்ற மேடைகள் பல நமக்குக் கிடைக்கும். அவற்றில் ஏறுமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் விடுதியையும் வகுப்பறைகளையும் பெருக்குவோர், சமையற்கட்டில் உழைப்போர், ஒப்பந்தக்காரரின்கீழ்த் தோட்டத்தில் நீர் பாய்ச்சுவோர் ஆகியோருக்கு எந்தத் தேதியில், எவ்வளவு கூலி, யார் கையால் போய்ச் சேருகின்றதென்று விசாரித்தறியுங்கள். பழைய மாணவர்களே! உங்களுள் ஆலை நடத்துவோரும் அலுவலகம் நடத்துவோரும் உளர். உங்கள் மேசையில் கையொப்பத்திற்காகக் காத்துக் கிடக்கும் பட்டியல்களுள் ஏழைகளுடையதை மேலே எடுத்து வையுங்கள். இரவு ஜெபத்திற்கு முழந்தாளிடும்போது, நம் கோபம் தணிந்ததோ என்று மட்டுமன்று, யாருடைய கூலியேனும், யாருடைய போர்வையேனும் இன்னும் நம்மிடம் தங்கியிருக்கின்றதோ என்றும் நம்மை நாமே வினவுவோமாக. இருக்குமாயின், ஜெபம் சற்றே காத்திருக்கலாம். எழுந்து சென்று அதனைக் கொடுத்துவிட்டு வருவோம்.