கண்ணால் பார்த்தால் போதுமா?

நம் புனே தமிழ்க் குடும்பங்களில் பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு என எல்லாம் விசாரிக்கும் பெற்றோர், ஒன்றை மட்டும் கேட்பதில்லை: "விலங்குச் செல் வளர்ப்பை எங்கள் பிள்ளை தன் கையால் செய்து பழக முடியுமா?"

இப்பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பேன்.

செல் வளர்ப்பு, தயிருக்கு உறை எடுத்து வைப்பதைப் போன்றதுதான். பிளாஸ்க்கின் அடியில் ஒட்டி வளரும் செல்கள் இடத்தை நிரப்பியதும், டிரிப்சின் விட்டுக் கழற்றி, ஒரு பகுதியைப் புதிய ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு 37 டிகிரி வெப்பம், 5 சதவீதக் கரியமில வாயு. புத்தகத்தில் இது நான்கே வரி. ஆனால் டிரிப்சின் கூடுதல் நேரம் இருந்தால் செல்கள் கெடும். குறைந்தால் கழன்று வாரா. நுண்ணோக்கியில் அவை உருண்டு வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் பதம் பிடிபடும்.

கைச்சுத்தமும் அப்படியே. சாதாரண பாக்டீரியா புகுந்தால் ஊடகம் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மைக்கோபிளாஸ்மா புகுந்தால் கலங்காது. செல் சுவர் இல்லாததால் பென்சிலினும் அதை ஒன்றும் செய்யாது. ஆராய்ச்சி முடிவுகள் மட்டும் பொய்யாகும். வேறு வேறு திசுக்கள் என்று நம்பி வளர்க்கப்பட்ட பல செல் வகைகள், 1951-ல் எடுக்கப்பட்ட ஹீலா புற்றுநோய்ச் செல்களே என்பதை 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக்காட்டியது உலகறிந்த செய்தி.

"சீரம் விலை அதிகம், மாணவர்கள் கெடுத்துவிடுவார்கள்" என்று சில கல்லூரிகள் செய்து காட்டுவதோடு நிறுத்திவிடுகின்றன. அப்படிப் படித்து முதல் வகுப்பில் தேறிய ஒரு பெண், பின்னர் தனியார் பயிற்சிக்குத் தனியாகப் பணம் கட்ட நேர்ந்ததை நான் அறிவேன். இரண்டு முறை கட்டணம், ஒரே பாடத்துக்கு!

செலவு தடையே அல்ல. முதலில் நிறநீரில் பைப்பெட் பழகட்டும். அடுத்து, செல் இல்லாத ஊடகத்தை மாற்றி ஊற்றி மூன்று நாள் இன்குபேட்டரில் வைக்கட்டும். கலங்காமல் தெளிவாக இருந்தால் கை தேறுகிறது என்று பொருள். அதன் பிறகே செல்.

நாட்டின் ஆய்வகங்களுக்குச் செல் வகைகளை வழங்கும் தேசிய உயிரணு அறிவியல் மையம் நம் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. 2021-ல் நமக்குக் கிடைத்த கோவாக்சினுக்கான வைரஸும் வீரோ செல்களில் வளர்க்கப்பட்டதுதான். அந்த வேலைக்குத் தேவை பழகிய கைகள்.

ஆகவே பெற்றோர்களே, கட்டணம் கட்டுமுன் ஆய்வகத்தைப் பாருங்கள். ஒரு மாணவருக்கு ஒரு பிளாஸ்க் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.