வளர்ப்புத் தாய் டூலா

நீர்நாய் ஒன்றின் மரணத்தைப் பற்றி ஒரு பத்தி முழுவதும் எழுதுவதா என்று நேயர்களுட் சிலர் வியக்கக்கூடும். நம் நாட்டு ஆறுகளிலும் நீர்நாய்கள் உள. வலையிலகப்பட்ட மீனைக் கொள்ளையிடும் அப்பிராணியை மீன் பிடிப்போர் வாழ்த்துவதில்லை. நாம் சொல்லப் புகுந்ததோ அமெரிக்காவின் கலிபோர்ணியாக் கரையோரத்தில் வாழ்ந்த கடல் நீர்நாய் ஒன்றின் கதை. அதன் பெயர் டூலா. ‘அது’ என்று எழுத நமக்குக் கை வரவில்லை. இனி ‘அவள்’ என்றே எழுதுவோம்.

கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போலத் தோலின் கீழே தடித்த கொழுப்புப் படலம் கிடையாது. குளிர்ந்த கடலில் அதனைக் காப்பது உரோமம் ஒன்றே. ஒரு சதுர அங்குலத்திற் பத்து இலட்சம் மயிர் வரை அடர்ந்திருக்கும் அவ்வுரோமமே அதற்கு எமனாகவும் முடிந்தது. வணிகர்கள் தோலுக்காக வேட்டையாடினர். 1911ஆம் ஆண்டில் சருவதேச ஒப்பந்தம் ஒன்று அவ்வேட்டையைத் தடுத்தபோது கலிபோர்ணியாவில் எஞ்சியவை ஏறக்குறைய ஐம்பதே. இன்று அவை மூவாயிரமளவிற் பெருகியுள்ளன. ஓர் இனத்துக்கு அஃது அதிகமன்று.

2001ஆம் ஆண்டிலே பிஸ்மோக் கடற்கரையில் வலிப்புக் கண்டு ஒதுங்கிக் கிடந்தாள் டூலா. அவளை மொன்ரேறே நகரத்துக் கடற்பிராணிக் காட்சிச்சாலைக்குக் கொண்டு சென்றனர். நுண்ணிய ஒட்டுண்ணியொன்று மூளையைத் தாக்கியமையே நோய்க்குக் காரணம் என்று வைத்தியர்கள் கருதினர். நாள்தோறும் இரு வேளை மருந்து கொடுத்தால் வலிப்பு அடங்கும். கடலுக்குத் திருப்பி அனுப்பினால் மருந்து கொடுப்பார் யார்? ஆகவே அவள் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்க வேண்டியவளானாள்.

வந்தபோது அவள் கருவுற்றிருந்தாள். ஈன்ற குட்டி உயிரின்றிப் பிறந்தது. ஏறக்குறைய அதே வேளையில், தாயைப் பிரிந்து கரையொதுங்கிய ஆண்குட்டியொன்றும் அச்சாலையை அடைந்திருந்தது. அத்தகைய அநாதைக் குட்டிகளை அதுவரை மனிதரே வளர்த்து வந்தனர். குட்டியோடு கடலில் நீந்தியும் சுழியோடியும் இரை தேடக் கற்பித்தனர். என்ன பயன்? மனிதரைத் தாயென நம்பி வளர்ந்த குட்டிகள், விடுதலை பெற்ற பின்பும் மனிதரையே நாடி வந்தன. கடல் வாழ்வுக்கு அது கேடு.

இம்முறை அக்குட்டியை டூலாவின் அருகில் விட்டுப் பார்த்தனர். அவள் அதனை ஏற்றுக்கொண்டாள். மல்லாந்து மிதந்து மார்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள், உரோமத்தைக் கோதினாள், தன் இரையிற் பங்கு கொடுத்தாள், சிப்பியைக் கல்லில் மோதி உடைக்கும் வித்தையை அது பார்த்திருக்கச் செய்து காட்டினாள். பெற்ற பிள்ளையை இழந்தவளுக்கும் பெற்றவளை இழந்த பிள்ளைக்கும் ஒருவரையொருவர் காட்டிக் கொடுத்தவர்கள் செய்த காரியம் அவ்வளவே. மிகுதியெல்லாம் அவள் செய்தது. அக்குட்டி வளர்ந்து கடலுக்குத் திரும்பியது.

அதன் பின்னர் அச்சாலையின் முறையே மாறிற்று. குட்டிக்குப் பாலூட்டும் ஊழியர்கள் கரிய அங்கியணிந்து, முகத்தையும் மறைத்துக்கொள்வர். மனித முகம் குட்டியின் மனதிற் பதியலாகாது என்பதே காரணம். பிறகு வளர்ப்புத் தாயிடம் ஒப்படைப்பர். வலிப்புக்கு மருந்துண்டபடியே டூலா வளர்த்த குட்டிகள் பதின்மூன்று.

இனி அவளுடைய நோய்க்கு வருவோம். இது நம் வீட்டு முற்றத்துக்கும் வரும் செய்தி. அவ்வொட்டுண்ணி பெருகுவது பூனையின் குடலில். எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனைக்கு அது தொற்றுகிறது. பின் அதன் மலத்தோடு கண்ணுக்குத் தெரியாத வித்துகளாய் வெளியேறி மண்ணிற் பல மாதம் அழியாதிருக்கிறது. மழை வெள்ளம் அதனை வாய்க்கால் வழியே கடலிற் சேர்க்கிறது. நத்தையும் சிப்பியும் அதனை உட்கொள்கின்றன. நாளொன்றுக்குத் தன் நிறையிற் காற்பங்கு இரையுண்ணும் நீர்நாய் இவற்றையெல்லாம் தின்கிறது. எங்கோ ஒரு வீட்டிற் செல்லமாக உறங்கும் பூனைக்கும் கடலில் வலிப்புற்ற டூலாவுக்கும் உள்ள தொடர்பு இதுதான். கருவுற்ற பெண்கள் பூனையின் மலத்தை அப்புறப்படுத்தலாகாது என வைத்தியர்கள் எச்சரிப்பதும் இவ்வொட்டுண்ணி பற்றியே. அது வயிற்றிலுள்ள சிசுவையும் தாக்கவல்லது. நம் வீட்டிலும் ஒரு பூனை உண்டு. அதனைத் துரத்திவிடும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் கை கழுவும் பழக்கம் உறுதிப்பட்டிருக்கிறது.

அமெரிக்க வீடுகளிற் பூனைக்கெனத் தட்டில் ஒருவகை மண் பரப்பி வைப்பர். அழுக்கானதும் சிலர் மலசலகூடத்தில் கொட்டி நீரை விடுவர். 2006ஆம் ஆண்டில் கலிபோர்ணியாச் சட்டசபை இது குறித்து ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அம்மண்பொதிகளின் மேல், இதனை மலசலகூடத்திலோ மழைநீர் வாய்க்காலிலோ கொட்டாதீர் என்ற அறிவுறுத்தல் அச்சிடப்படலாயிற்று. நீர்நாய்க்குத் தீங்கிழைப்போருக்கான தண்டப்பணமும் 25,000 டொலர் வரை உயர்ந்தது. வருமான வரிப் பத்திரத்தில், நீர்நாய்களின் நலனுக்கு நன்கொடையளிக்க விரும்புவோர்க்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டது. சட்டத்தை முன்மொழிந்தவரின் மனதைத் தொட்டது டூலாவின் கதை என்பர். வரிப் பத்திரத்தை மனமுவந்து நிரப்பியவர்களை நாம் கண்டதில்லை; அந்த ஓர் இடத்தையாவது சிலர் அவ்வாறு நிரப்பியிருப்பர்.

2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி, சனிக்கிழமை அதிகாலையில், அச்சாலையின் வைத்தியப் பிரிவிலே டூலா உயிர் நீத்தாள். வயது பதினைந்துக்கு மேலாகியிருந்தது. முதுமையும் அதனோடு வந்த தளர்ச்சியுமே காரணம். கண்ணாடிக்கு அப்பால் நின்று அவளைப் பார்த்துப் பழகிய மக்கள் பெரிதும் வருந்தினர்.

எல்க்கோர்ண் என்னும் கழிமுகம் மொன்ரேறே விரிகுடாவை ஒட்டியுள்ளது. 2002 முதல் 2016 வரையில் வளர்ப்புத் தாய்மார் வளர்த்த 37 நீர்நாய்கள் அங்கே விடப்பட்டன. அக்காலத்தில் அக்கழிமுகத்து நீர்நாய்த் தொகையிற் கண்ட பெருக்கத்திற் பாதிக்கு மேற்பட்டது அவற்றாலும் அவற்றின் சந்ததியாலும் ஏற்பட்டதென 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. டூலா வளர்த்த பெண்குட்டிகளுட் சில தாமும் குட்டி ஈன்று, மார்பில் ஏற்றி வைத்து, சிப்பி உடைக்கக் காட்டிக் கொடுத்தன.