எந்தக் கிழமை, எந்த அறையில்?

கிழக்கிலங்கையின் திருக்கோவில் ஊரில் சாராயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், வழியில் போகிறவரே கையை நீட்டிக் காட்டுவார். குடியை விட்டவர்கள் எந்தக் கிழமை, எந்த அறையில் கூடுகிறார்கள் என்று கேளுங்கள். அவரே உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். கேட்டது யாருடைய மகன் என்ற கதை பின்னேரத்துக்குள் தம்பிலுவில் வரை போய்விடும்.

குடியை நிறுத்தத் தெரியாத மண் அல்ல இது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை என்று மனதில் எடுத்துவிட்டால், உகந்தை தாண்டி, குமண காடு கடந்து கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும்வரை போத்தலைத் தொடாதவர்கள் இங்கே உண்டு. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் நோன்பு மாதம் முழுக்க ஒதுங்கியிருப்பவர்களும் இல்லாமல் இல்லை. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். விரதம் முடிந்த பிறகு, பெருநாள் பிறை கண்ட பிறகு, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வருகிறதே, அன்றைக்குத்தான் ஆள் தனித்துப்போகிறான்.

அந்தத் தனிமையை நன்றாக அறிந்தவர் பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குத் தரகர். 1935இல் அக்ரன் நகருக்கு வந்த இடத்தில் அவருடைய தொழில் முயற்சி தோற்றது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஹோட்டல் பாரின் கலகலப்பு காதில் விழ, மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் தேடியது வைத்தியரையோ பாதிரியாரையோ அல்ல, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரை. அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித். தொழிலில் சத்திரசிகிச்சை வைத்தியர் என்பது தற்செயல். வில்சன் அவரிடம் போனது புத்தி சொல்வதற்கல்ல, தான் தப்புவதற்கு. ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ என்ற அமைப்பு அந்தச் சந்திப்பில்தான் தொடங்கியது. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. கட்டணம் இல்லை, வெளியார் பணமும் வாங்குவதில்லை. கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்பதால் வேல் கும்பிடுகிறவரும் ஐவேளை தொழுகிறவரும் ஒரே வாங்கில் உட்காரலாம்.

பலன் உண்டா? 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை 2020இல் கொக்ரேன் அமைப்பு சீர்தூக்கிப் பார்த்தது. இக்கூட்டங்களோடு முறையாக இணைக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர் ஒரு வருடத்தின் பின்னும் முற்றாகக் குடிக்காமலிருந்தார்கள். மற்றச் சிகிச்சைகளில் அது 35 சதவீதம். பாதிக்கு மேற்பட்டோர் தவறியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. செலவோ ஒரு கேத்தல் தேத்தண்ணி.

கிராமத்துக்கு இதெல்லாம் சரிவராது என்பவர்கள் தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடியைப் பார்க்கட்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய நிலையம், சிகிச்சையை முகாமாக அந்தக் கிராமத்துக்கே கொண்டுபோனது. அந்த அனுபவம் 1994இல் ‘அடிக்ஷன்’ என்ற ஆய்விதழில் வெளிவந்தது.

நமது சிக்கல் வேறு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் பெயர் மறைப்பது எப்படி? அதற்கு வழி ஏ4 வீதியிலேயே இருக்கிறது. திருக்கோவில்காரர் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போகட்டும். அக்கரைப்பற்றுக்காரர் இங்கே வரட்டும். குடிக்கிறவர் என்று தெரிந்தாலே பள்ளிவாசல் வாசலில் தலைகுனிய வேண்டிய முஸ்லிம் சகோதரருக்கு, சொந்த ஊரில் அப்படியொரு கதவைத் தட்டுவது நடக்கிற காரியமா? எல்லைச் சண்டையில் முறுகிக்கொண்டு நிற்கும் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இந்த ஒரு விடயத்திலாவது ஒன்றின் இரகசியத்தை மற்றது காக்கலாம்.

பிரதேச செயலகங்களிடம் நாம் கேட்பது ஓர் அறை, வாரத்தில் ஒரு மாலை. கோயில் மண்டபம் வேண்டாம், பள்ளிவாசலும் வேண்டாம், பொலிஸார் எட்டிப்பார்க்கவும் வேண்டாம். பூசை நேரத்திலும் மஃரிப் நேரத்திலும் வைக்கவேண்டாம். முக்கியமாக, பேனர் கட்டி, அதிதியை அழைத்து, மங்கல விளக்கேற்றி, முகநூலில் படம் போட்டுவிடாதீர்கள். சுனாமிக்குப் பின் இந்தக் கரைக்கு வந்த எத்தனையோ திட்டங்கள் படத்தோடு முடிந்ததைப் பார்த்தவர்கள் நாம். இங்கே ஒரு படம் போதும், அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள்.

வைத்தியசாலைகளுக்கும் வேலை இருக்கிறது. வருடக்கணக்காகக் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம், உயிரும் போகலாம். முதல் நாட்களை வைத்தியர் பார்வையில் கழிக்கவேண்டும். பிறகு துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கிளினிக் திகதியோடு கூட்டம் நடக்கும் கிழமையையும் எழுதிக்கொடுக்கட்டும். அவசரத்துக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. அதையும் எழுதலாம்.

மனைவிமாருக்கு இன்னொரு மாலை வேண்டும். வில்சனின் மனைவி லோயிஸ் 1951இலேயே குடும்பத்தினருக்கென ‘அல்-அனொன்’ அமைப்பைத் தொடங்கிவிட்டார். கணவர் வராவிட்டாலும் மனைவி வரலாம். மகளிர் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்தால்கூடச் சரிதான்.

இரண்டு பேர்தான் வந்தார்கள் என்று மூன்றாவது வாரம் அறையைப் பூட்டிவிடக் கூடாது. அக்ரனிலும் இரண்டு பேர்தான்.